பிகாஸ், பிகாஸ் ஆஃப், டியூ டு: ஆங்கிலத்தில் காரணம் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

தோட்டப்புற ஊர்களில் நாம் ஆங்கிலத்தில் பேனா பிடிப்பது பெரும்பாலும் ஒரு காரணத்தைச் சொல்லத்தான். பிள்ளை நேற்று ஏன் பள்ளிக்கு வரவில்லை, வேலைக்கு ஏன் மூன்று நாள் போகவில்லை, கல்லூரிக் கட்டணம் ஏன் தாமதமானது, உதவித்தொகை ஏன் வேண்டும், பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் ஆங்கில எழுத்துத் தாளின் முதல் பகுதியும் சுமார் 80 சொற்களில் எழுதும் ஒரு மின்னஞ்சல்தான். அதில் ஒரு ‘ஏன்’ வந்துவிட்டால், காரணச் சொல்லைச் சரியாகப் போடத் தெரிந்தாக வேண்டும்.

சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில், பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலைக்கு மனுப் போடும் இளைஞர்களுக்கும் மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுடைய கடிதங்களில் காரணம் சொல்லும் வரியில்தான் ஒரே மாதிரியான தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இது மந்தப் புத்தியும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளியின் புதுமுக வகுப்புக்கு (ரிமூவ் கிளாஸ்) போய், அங்கே மலாயில் படித்து, ஆங்கிலத்தை மூன்றாவதாகக் கையாளும் பிள்ளைகள் இவர்கள். தவறு எங்கிருந்து வருகிறது என்று காட்டிவிட்டால் சீக்கிரம் திருத்திக்கொள்கிறார்கள். அதைக் காட்டத்தான் இந்த வழிகாட்டி.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.

படி 1: காரணச் சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள்

‘மழையால் வேலை இல்லை’ என்கிறோம். ‘மழை பெய்ததால் வேலை இல்லை’ என்றும் சொல்கிறோம். இரண்டிலும் இருப்பது அதே ‘ஆல்’. ஒரு முழு வாக்கியத்தையே ‘பெய்தது’ என்று பெயராக்கி, அதன்மேல் ‘ஆல்’ சேர்த்துவிடும் வசதி தமிழுக்கு இருக்கிறது. மலாயிலும் ‘கெரானா ஹுஜான்’ என்றாலும் சரி, ‘கெரானா ஹுஜான் துருன்’ என்றாலும் சரி, ‘கெரானா’ மாறுவதில்லை. வீட்டு மொழியும் பள்ளி மொழியும் பிரிக்காத ஓர் இடத்தை ஆங்கிலம் பிரிக்கிறது. பின்னால் வருவது வெறும் பெயரா, முழு வாக்கியமா என்று அது கேட்கிறது. இந்த வழிகாட்டியில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே கேள்வியைக் கேட்காததால் வருபவை.

சோதனை எளிது. காரணச் சொல்லுக்குப் பின்னால் இருப்பதை மட்டும் தனியாக எடுத்து எழுதுங்கள். அதில் செய்பவர் ஒருவரோ ஒன்றோ இருக்க வேண்டும். நேற்று, இன்று, நாளை என்று காலம் காட்டும் வினையும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் அது வாக்கியம். ‘இட் ரெய்ன்ட்’ வாக்கியம். ‘தி ரெய்ன்’ பெயர். ‘தி ஹெவி ரெய்ன் லாஸ்ட் நைட்’ எவ்வளவு நீண்டாலும் பெயர்தான், ஏனென்றால் அதில் வினை இல்லை.

கெட்டிக்காரப் பிள்ளைகளும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘தி லோரி தட் ப்ரோக் டவுன்’ என்பதில் ‘ப்ரோக்’ என்று வினை இருக்கிறதே, அப்படியானால் இது வாக்கியம்தானே என்று கேட்பார்கள். இல்லை. அது ‘பழுதாகி நின்ற லோரி’. ‘லோரி பழுதாகி நின்றது’ என்று அது சொல்லவில்லை. தமிழில் சொல்லிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ‘பழுதாகி நின்ற லோரி’ என்று நிறுத்தினால், கேட்பவர் ‘சரி, அந்த லோரிக்கு என்ன?’ என்று காத்திருப்பார். அப்படிக் காக்க வைத்தால் அது பெயர். எனவே ‘பிகாஸ் ஆஃப் தி லோரி தட் ப்ரோக் டவுன்’, ஆனால் ‘பிகாஸ் தி லோரி ப்ரோக் டவுன்’.

இப்போது சொற்களை இரண்டு பக்கமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தை ஏற்பவை: பிகாஸ், சின்ஸ், ஆஸ், நவ் தட். பெயரை ஏற்பவை: பிகாஸ் ஆஃப், டியூ டு, ஓயிங் டு, தேங்க்ஸ் டு, ஆன் அக்கவுன்ட் ஆஃப், ஆஸ் எ ரிசல்ட் ஆஃப். இரண்டாவது வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எல்லாமே ‘ஆஃப்’ என்றோ ‘டு’ என்றோ முடிகின்றன. தேர்வு மண்டபத்தில் வேறு எதுவும் நினைவுக்கு வராவிட்டாலும் இது வந்தால் போதும்.

படி 2: பிகாஸ், பிகாஸ் ஆஃப்

பால்மரம் வெட்டியவர்களின், அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுத்தவர்களின், பிள்ளைகளுக்கு இந்த உதாரணம் புரியும். மழையில் மரப்பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டில் ஒழுங்காக இறங்காமல் பட்டையெங்கும் வழிந்துவிடும். கோப்பையில் விழுந்ததிலும் மழைநீர் கலந்துவிடும். அதனால் மழை நாளில் வெட்டு இல்லை. இதை இரண்டு விதமாக எழுதலாம்.

‘வி டிட் நாட் டேப் பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்.’
‘வி டிட் நாட் டேப் பிகாஸ் ஆஃப் தி ரெய்ன்.’

இரண்டும் சரி. ‘பிகாஸ் ரெய்ன்’ தவறு, ‘பிகாஸ் ஆஃப் இட் வாஸ் ரெய்னிங்’ அதைவிடத் தவறு. இணையத்தில் ஆங்கிலேய இளைஞர்களே விளையாட்டாக ‘பிகாஸ் ரெய்ன்’ என்ற பாணியில் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நண்பர்களுக்குள் சரி. கடிதத்திலும் தேர்விலும் வேண்டாம்.

நான் அதிகம் பார்க்கும் தவறு இது: ‘பிகாஸ் ஆஃப் மை சன் ஹேட் ஃபீவர்.’ இதைத் திருத்த இரண்டு வழி. ‘ஆஃப்’ஐ எடுத்துவிடுங்கள்: ‘பிகாஸ் மை சன் ஹேட் ஃபீவர்.’ அல்லது வாக்கியத்தைப் பெயராக்குங்கள்: ‘பிகாஸ் ஆஃப் மை சன்ஸ் ஃபீவர்.’ இரண்டாவதில் ‘சன்ஸ்’ என்பதில் உடைமைக் குறி வர வேண்டும், மகனுடைய காய்ச்சல் என்ற பொருளில். பிள்ளைகள் இதை விட்டுவிடுகிறார்கள்.

பெயராக்கும் வித்தையைக் கொஞ்சம் பழகுங்கள். ‘ஹி வாஸ் ஆப்சென்ட்’ என்பது ‘ஹிஸ் ஆப்சென்ஸ்’ ஆகும். ‘ஷி வாஸ் இல்’ என்பது ‘ஹெர் இல்னஸ்’. ‘தி மில் வாஸ் க்ளோஸ்ட்’ என்பது ‘தி க்ளோஷர் ஆஃப் தி மில்’. ‘தி ரோட் வாஸ் ஃப்ளடட்’ என்பது ‘தி ஃப்ளடட் ரோட்’. செயலைப் பெயராக்க வேண்டுமென்றால் ‘இங்’ சேர்க்கலாம்: ‘பிகாஸ் ஆஃப் வொர்க்கிங் நைட் ஷிஃப்ட்’. ஆனால் எல்லாவற்றையும் இப்படிப் பெயராக்கிவிட்டால் கடிதம் அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி விறைத்துப்போகும். ‘பிகாஸ் ஆஃப் மை லிவிங் ஃபார் ஃப்ரம் தி ஸ்கூல்’ என்று இழுப்பதைவிட ‘பிகாஸ் ஐ லிவ் ஃபார் ஃப்ரம் தி ஸ்கூல்’ எவ்வளவோ மேல். சந்தேகம் வந்தால் ‘பிகாஸ்’ போட்டு முழு வாக்கியம் எழுதுங்கள் என்பதுதான் என் கட்சி. செய்தவர், செய்தது, காலம் மூன்றும் அதில் தெளிவாகத் தெரிந்துவிடும்.

செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையை, வைத்து ஒரு பயிற்சி. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும் என்பது தோட்டங்களில் பொதுவான கணக்கு. தாமதமாக ஆக, எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் கூடித் தரம் இறங்கும். ‘தி ஃப்ரூட் மஸ்ட் ரீச் தி மில் குவிக்லி பிகாஸ் தி ஆயில் லூசஸ் குவாலிட்டி.’ இதில் ‘பிகாஸ்’ஐ எடுத்துவிட்டு ‘பிகாஸ் ஆஃப்’ போட்டு எழுதிப் பாருங்கள். ‘பிகாஸ் ஆஃப் தி லாஸ் ஆஃப் குவாலிட்டி’ என்று வந்தால் உங்களுக்கு இந்தப் படி கைவந்துவிட்டது.

இன்னொன்று. ‘பிகாஸ்’ என்று வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. ‘பிகாஸ் தி பஸ் வாஸ் லேட், ஐ மிஸ்ட் தி டெஸ்ட்’ முழுக்கச் சரி. தவறு எதுவென்றால், ‘பிகாஸ் தி பஸ் வாஸ் லேட்’ என்று எழுதி அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுவது. காரணம் வந்தது, விளைவு வரவில்லை. பேச்சில் ஒருவர் ‘வொய்?’ என்று கேட்டால் அப்படிப் பதில் சொல்லலாம்; எழுத்தில் அது பாதி வாக்கியம்.

படி 3: டியூ டு, ஓயிங் டு

அலுவலகக் கடிதம் என்றாலே ‘டியூ டு’ போட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. அது மரியாதையான சொல், ‘பிகாஸ் ஆஃப்’ சாதாரணச் சொல் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை, குறைந்தபட்சம் பழைய இலக்கணத்தின்படி.

‘டியூ’ பிறப்பால் ஒரு பெயரடை. ஆகவே அது ஒரு பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும், பெரும்பாலும் ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ வழியாக. ‘தி டிலே வாஸ் டியூ டு தி ஃப்ளட்.’ தாமதம் என்ற பெயருக்குக் காரணம் வெள்ளம். ‘வி வேர் லேட் டியூ டு தி ஃப்ளட்’ என்று எழுதினால், பழைய இலக்கணக்காரர் ‘டியூ டு எந்தப் பெயரோடு சேர்கிறது?’ என்று கேட்பார். அங்கே அவருக்கு வேண்டியது ‘பிகாஸ் ஆஃப்’ அல்லது ‘ஓயிங் டு’.

இதற்கும் ஒரு சோதனை. ‘டியூ டு’வை எடுத்துவிட்டு ‘காஸ்ட் பை’ போட்டுப் படியுங்கள். ‘தி டிலே வாஸ் காஸ்ட் பை தி ஃப்ளட்’ நன்றாக ஓடுகிறது. அங்கே ‘டியூ டு’ போடலாம். ‘வி வேர் லேட் காஸ்ட் பை தி ஃப்ளட்’ தடுக்கிறது; அங்கே ‘பிகாஸ் ஆஃப்’ போடுங்கள்.

இன்று அகராதிகள் ‘வி வேர் லேட் டியூ டு தி ஃப்ளட்’ என்பதையும் ஏற்றுக்கொண்டுவிட்டன. படித்த ஆங்கிலேயர்களும் தாராளமாக எழுதுகிறார்கள். ஆகவே உங்கள் மேலாளர் அப்படி எழுதினால் திருத்தப் போகாதீர்கள். ‘ரோட் க்ளோஸ்ட் டியூ டு ஃப்ளட்’ என்று சாலையோர அறிவிப்பு வைத்திருந்தால் அதுவும் சரிதான். ஆனால் உங்கள் கையால் எழுதும் விண்ணப்பத்திலும் தேர்விலும் பழைய விதியையே பின்பற்றுங்கள் என்று சொல்வேன். பழைய விதிப்படி எழுதியதை யாரும் குறை சொல்ல முடியாது. புதிய வழக்கின்படி எழுதினால், கண்டிப்பான ஒருவர் கண்ணில் பட வாய்ப்பு உண்டு.

எந்த இலக்கணமும் ஏற்காதவை வேறு. ‘டியூ டு ஐ வாஸ் சிக்’ தவறு. படி 1-இன் சோதனையிலேயே அது விழுந்துவிடும். ‘டியூ டு ஆஃப்’ என்று இரண்டையும் கலப்பதும் தவறு. ‘டியூ டு தி ஃபாக்ட் தட் ஐ வாஸ் சிக்’ இலக்கணப்படி நிற்கும். ஆனால் ‘பிகாஸ்’ என்ற ஒரே சொல் செய்யும் வேலைக்கு ஐந்து சொற்கள் எதற்கு? 80 சொல் மின்னஞ்சலில் நான்கு சொல்லை வீணாக்காதீர்கள்.

இன்னும் ஒரு குழப்பம் இருக்கிறது. ‘தி பஸ் இஸ் டியூ டு அரைவ் அட் செவன்’ என்றால் காரணமே இல்லை. பஸ் ஏழு மணிக்கு வர வேண்டியது என்று பொருள். ‘டு’வுக்குப் பின்னால் ‘அரைவ்’ போல வினை வந்தால் அது நேரக் கணக்கு, பெயர் வந்தால் காரணம்.

படி 4: சின்ஸ், ஆஸ்

இவை இரண்டும் வாக்கியத்தை ஏற்பவை, ஆனால் காரணத்தையும் நேரத்தையும் சேர்த்தே சுமப்பவை. நம் ஊருக்குப் பக்கத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917-இல் தொடங்கியது. ‘ஆயில் பாம் ஹேஸ் பீன் க்ரோன் ஹியர் சின்ஸ் 1917’ என்றால் ‘1917 முதல்’. இதில் சந்தேகம் இல்லை, ஏனென்றால் பின்னால் வருவது ஆண்டு.

சந்தேகம் வரும் வாக்கியம் இப்படி இருக்கும்: ‘சின்ஸ் மை ஃபாதர் லெஃப்ட் தி எஸ்டேட், வி ஹேவ் ரென்டட் எ ஹவுஸ் இன் டவுன்.’ அப்பா தோட்டத்தை விட்ட நாள் முதல் வாடகை வீட்டில் இருக்கிறோமா? விட்டதால் இருக்கிறோமா? தோட்டத்தில் வேலை போனால் வீடும் போய்விடும் என்பதை அறிந்த நமக்கு இரண்டும் ஒன்றுதான். உதவித்தொகைக் குழுவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. காரணம் என்றுதான் அவர் படிக்க வேண்டுமென்றால் ‘பிகாஸ்’ போடுங்கள்: ‘வி ரென்ட் எ ஹவுஸ் இன் டவுன் பிகாஸ் மை ஃபாதர் லெஃப்ட் தி எஸ்டேட் அண்ட் லாஸ்ட் தி குவார்ட்டர்ஸ்.’

‘ஆஸ்’ இன்னும் வழுக்கும். ‘ஆஸ் ஐ வாஸ் வாக்கிங் ஹோம், ஐ கால்ட் மை ப்ரதர்’ என்றால் நடந்துகொண்டிருந்தபோது கூப்பிட்டேன் என்றுதான் முதலில் தோன்றும். நடந்து போனதால் துணைக்குக் கூப்பிட்டேன் என்று சொல்ல வந்திருந்தால் வாசகர் தவறிவிட்டார்.

அப்படியானால் இவை எதற்கு? கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த காரணத்தை லேசாகச் சொல்லிவிட்டு மேலே போவதற்கு. ‘சின்ஸ் டுமாரோ இஸ் தீபாவளி, தி ஆஃபிஸ் வில் பி க்ளோஸ்ட்.’ நாளை தீபாவளி என்பது எல்லாருக்கும் தெரியும். முக்கியச் செய்தி அலுவலகம் மூடியிருக்கும் என்பது. காரணமே புதிய செய்தியாக இருந்தால் ‘பிகாஸ்’தான். அதனால்தான் ‘வொய்?’ என்ற கேள்விக்கு ‘சின்ஸ்’ என்று பதில் தொடங்க முடியாது. நேர்முகத் தேர்வில் ‘வொய் டு யூ வான்ட் திஸ் ஜாப்?’ என்று கேட்டால் ‘பிகாஸ்’ என்று தொடங்குங்கள்.

படி 5: தி ரீசன், தி காஸ்

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் அதிகச் சிவப்பு மை விழும் இடம் இதுதான்.

முதலில் ‘வொய் பிகாஸ்’. ‘ஐ கேம் லேட். வொய் பிகாஸ் தி ரோட் வாஸ் ஜாம்.’ நாம் ‘ஏனென்றால்’ என்று சொல்லிப் பழகியதால், அந்த ‘ஏன்’ ஆங்கிலத்திலும் கூடவே ஏறிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘பிகாஸ்’ மட்டும் போதும். ‘வொய்’ஐ அடித்துவிடுங்கள். சாலையும் ‘ஜாம்’ ஆகாது. ‘தேர் வாஸ் எ ட்ராஃபிக் ஜாம்’ என்று எழுதுங்கள்.

அடுத்தது ‘தி ரீசன் இஸ் பிகாஸ்’. ‘ரீசன்’ என்றாலே காரணம், ‘பிகாஸ்’ என்றாலும் காரணம். ஒரே பொருள் இரண்டு முறை வருகிறது. ‘தி ரீசன் ஐ வாஸ் லேட் இஸ் தட் தி ரோட் வாஸ் ஃப்ளடட்’ என்று ‘தட்’ போடுங்கள். ஆங்கிலேயரும் பேச்சில் ‘இஸ் பிகாஸ்’ என்று சொல்வதுண்டு. எழுத்தில் ‘இஸ் தட்’ என்பதுதான் அழகு. அல்லது ‘ரீசன்’ஐயே தூக்கிவிட்டு ‘ஐ வாஸ் லேட் பிகாஸ் தி ரோட் வாஸ் ஃப்ளடட்’ என்று முடித்துவிடலாம். எனக்கு இதுதான் பிடிக்கும்.

அப்புறம், ‘ரீசன்’ பக்கத்தில் எந்தச் சொல் வர வேண்டும்? ‘தி ரீசன் ஃபார் மை ஆப்சென்ஸ்’ என்று ‘ஃபார்’. ‘தி ரீசன் ஆஃப் மை ஆப்சென்ஸ்’ தவறு. ஆனால் ‘காஸ்’ என்ற சொல்லுக்கு ‘ஆஃப்’ வரும்: ‘தி காஸ் ஆஃப் தி ஃபயர்’. இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறிப்போவதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். ‘ஃபார்’ ரீசனுக்கு, ‘ஆஃப்’ காஸுக்கு.

பொருளிலும் வேறுபாடு உண்டு. ‘காஸ்’ என்பது ஒன்றை நிகழ வைத்தது. அதற்கு மனம் வேண்டியதில்லை. மழை வெள்ளத்துக்குக் ‘காஸ்’. ‘ரீசன்’ என்பது பெரும்பாலும் ஒருவர் யோசித்து முடிவெடுத்ததன் பின்னணி. நம் வரலாற்றை வைத்தே இதைச் சொல்லலாம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள். ‘தி சேல் ஆஃப் எஸ்டேட்ஸ் வாஸ் தி காஸ் ஆஃப் தேர் ஹார்ட்ஷிப்.’ அந்த நிலையில் அப்போதைய ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவது அதன் வேலை. ‘தி ரீசன் ஃபார் தி கோஆபரேட்டிவ் வாஸ் தட் வொர்க்கர்ஸ் நீடட் எஸ்டேட்ஸ் ஆஃப் தேர் ஓன்.’ நடந்தது ‘காஸ்’, மனிதர்கள் எடுத்த முடிவுக்குப் பின்னால் இருந்தது ‘ரீசன்’. ஊர் வரலாற்றைப் பற்றிக் கட்டுரை எழுதும் படிவம் 5 மாணவர் இந்த இரண்டையும் பிரித்து எழுதினால் கட்டுரைக்கே ஒரு கனம் வரும்.

படி 6: இரட்டைப் பூட்டு வேண்டாம்

‘பிகாஸ் இட் ரெய்ன்ட், சோ வி ஸ்டேய்ட் ஹோம்.’ மலாயில் ‘ஓலே செபாப்’ என்று தொடங்கி ‘மாக்கா’ என்று தொடர்வதைப் பள்ளியில் கேட்டுப் பழகியவர்களுக்கு இது இயல்பாகத் தோன்றும். ஆங்கிலத்தில் ஒன்று இருந்தால் மற்றது கூடாது. ‘பிகாஸ் இட் ரெய்ன்ட், வி ஸ்டேய்ட் ஹோம்.’ அல்லது ‘இட் ரெய்ன்ட், சோ வி ஸ்டேய்ட் ஹோம்.’

‘தேர்ஃபோர்’ வேறு விதம். ‘சோ’வுக்கு முன் காற்புள்ளி போதும். ‘தேர்ஃபோர்’ இரண்டு வாக்கியங்களை இணைக்கும் பலம் இல்லாத சொல். ஆகவே முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும்: ‘தி ரோட் வாஸ் ஃப்ளடட். தேர்ஃபோர், தி பஸ் டிட் நாட் கம்.’ ‘ஹென்ஸ்’, ‘தஸ்’ இரண்டுக்கும் இதே நிறுத்தற்குறிதான். கட்டுரையின் ஒவ்வொரு பத்தியையும் ‘ஹென்ஸ்’ என்று முடிக்கும் பழக்கம் மாணவர்களிடம் பரவியிருக்கிறது. அதற்காகக் கூடுதல் மதிப்பெண் கிடைக்காது.

‘ஆஸ் எ ரிசல்ட்’ என்பதும் ‘ஆஸ் எ ரிசல்ட் ஆஃப்’ என்பதும் திசை மாறியவை. ‘ஆஃப்’ இல்லாவிட்டால் பின்னால் வருவது விளைவு. ‘ஆஃப்’ இருந்தால் பின்னால் வருவது காரணம். அதே போல ‘தட்ஸ் வொய்’ என்றால் அடுத்து விளைவு, ‘தட்ஸ் பிகாஸ்’ என்றால் அடுத்து காரணம்.

படி 7: ‘நாட்’ வந்தால் நிதானம்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். இங்கே தவறினால் சொல்ல வந்ததற்கு நேர் எதிரான பொருள் போய்ச் சேரும்.

‘ஐ டிட் நாட் லீவ் மை ஜாப் பிகாஸ் ஆஃப் தி சாலரி.’ இதற்கு இரண்டு பொருள். ஒன்று: வேலையை விட்டேன், ஆனால் சம்பளத்துக்காக இல்லை. இன்னொன்று: சம்பளம் நன்றாக இருந்ததால் வேலையை விடவில்லை. பேச்சில் குரல் ஏற்ற இறக்கம் காப்பாற்றிவிடும். தாளில் குரல் இல்லை. வேலை விண்ணப்பத்தில் இந்த வரியைப் படிக்கும் அதிகாரி, நீங்கள் இன்னும் பழைய வேலையில்தான் இருக்கிறீர்கள் என்று நினைக்கலாம்.

முதல் பொருள் வேண்டுமென்றால் ‘நாட்’ஐக் காரணத்தின் பக்கத்துக்கு நகர்த்துங்கள்: ‘ஐ லெஃப்ட் மை ஜாப், பட் நாட் பிகாஸ் ஆஃப் தி சாலரி.’ இரண்டாவது வேண்டுமென்றால் காரணத்தை முன்னால் கொண்டுவாருங்கள்: ‘பிகாஸ் தி சாலரி வாஸ் குட், ஐ டிட் நாட் லீவ் மை ஜாப்.’ பொதுவாக ‘பிகாஸ்’க்கு முன் காற்புள்ளி தேவையில்லை. ‘நாட்’ இருக்கும் வாக்கியத்தில் இரண்டாவது பொருளைக் காட்டக் காற்புள்ளி போடுவதுண்டு. ஆனால் ஒரு காற்புள்ளியை நம்பி வேலையைப் பணயம் வைக்காமல், வாக்கியத்தையே மாற்றி எழுதுவது நல்லது.

படி 8: காரணமா, நோக்கமா?

‘ஐ வென்ட் டு டவுன் பிகாஸ் வான்ட் டு பை ஷூஸ்.’ மலாயின் ‘செபாப் நாக்’ அப்படியே வந்திருக்கிறது. முதலாவது, ‘பிகாஸ்’க்குப் பின் ஆள் இல்லை; ‘பிகாஸ் ஐ வான்டட்’ என்று வர வேண்டும். இரண்டாவது, இங்கே சொல்ல வந்தது நோக்கம். நோக்கத்துக்கு ‘டு’ மட்டும் போதும்: ‘ஐ வென்ட் டு டவுன் டு பை ஷூஸ்.’ செய்பவர் மாறினால் ‘சோ தட்’: ‘மை மதர் ஒர்க்ட் ஓவர்டைம் சோ தட் ஐ குட் ஸ்டடி.’ உதவித்தொகைக் கடிதத்தில் அம்மாவின் உழைப்பைச் சொல்ல இதைவிட நேரான வரி எனக்குத் தெரியவில்லை.

படி 9: சொல்லின் தொனி

‘தேங்க்ஸ் டு’ நல்லது நடந்ததற்கு: ‘தேங்க்ஸ் டு மை டீச்சர், ஐ பாஸ்ட்.’ கெட்டதற்குப் போட்டால் குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடும். அதிகாரிக்கு எழுதும் புகாரில் அது வேண்டவே வேண்டாம்.

நன்றிக்கும் மன்னிப்புக்கும் ‘ஃபார்’: ‘தேங்க் யூ ஃபார் ஹெல்பிங்’, ‘சாரி ஃபார் பீயிங் லேட்’. மனத்தில் எழுந்த உணர்வால் ஒன்றைச் செய்தால் ‘அவுட் ஆஃப்’: ‘அவுட் ஆஃப் ரெஸ்பெக்ட்’. உடல் நடுங்கினால் ‘வித்’: ‘ஷிவரிங் வித் கோல்ட்’. இவற்றுக்கு விதி தேடாமல் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

படி 10: ஒரு கடிதத்தைத் திருத்துவோம்

பயிற்சிக்காக நானே எழுதிய கடிதம் இது. நம் வீடுகளிலிருந்து போகும் கடிதங்கள் பல இதே அச்சில்தான் இருக்கின்றன.

‘டியர் டீச்சர், மை டாட்டர் வாஸ் ஆப்சென்ட் எஸ்டர்டே டியூ டு ஷி ஹேட் ஃபீவர். தி ரீசன் ஐ டிட் நாட் கால் யூ இஸ் பிகாஸ் ஆஃப் மை ஃபோன் ஸ்பாய்ல். பிகாஸ் தி க்ளினிக் வாஸ் ஃபுல், சோ வி கேம் ஹோம் லேட். ஷி டிட் நாட் மிஸ் தி டெஸ்ட் பிகாஸ் ஷி இஸ் லேசி.’

முதல் வரியில் ‘டியூ டு’வுக்குப் பின் வாக்கியம் வந்திருக்கிறது, ‘பிகாஸ்’ ஆக்குங்கள். இரண்டாவதில் ‘ரீசன்’, ‘பிகாஸ் ஆஃப்’ இரண்டும் இருக்கின்றன, பின்னால் வாக்கியமும் இருக்கிறது. ‘ரீசன்’ஐ எடுத்துவிடலாம். ஃபோன் பழுதானதை ‘வாஸ் நாட் வொர்க்கிங்’ என்று சொல்லுங்கள். மூன்றாவதில் இரட்டைப் பூட்டு, ‘சோ’ போகட்டும். நான்காவது வரிதான் ஆபத்தானது. சோம்பேறித்தனத்தால் தவறவிடவில்லை என்று அம்மா சொல்ல வந்தார். ஆனால் ‘சோம்பேறி என்பதால் தேர்வைத் தவறவிடவில்லை’ என்றும் படிக்கலாம், அதில் பிள்ளை தேர்வு எழுதியதாகிவிடும். இங்கே திருத்துவதைவிட வெட்டுவது மேல். காய்ச்சல் என்று சொன்னபின் சோம்பேறித்தனத்தை யார் கேட்டார்கள்? அந்த இடத்தில் உண்மையில் வேண்டியதைக் கேளுங்கள்.

‘டியர் டீச்சர், மை டாட்டர் வாஸ் ஆப்சென்ட் எஸ்டர்டே பிகாஸ் ஷி ஹேட் ஃபீவர். ஐ குட் நாட் கால் யூ பிகாஸ் மை ஃபோன் வாஸ் நாட் வொர்க்கிங். பிகாஸ் தி க்ளினிக் வாஸ் ஃபுல், வி கேம் ஹோம் லேட். ஷி மிஸ்ட் தி டெஸ்ட் பிகாஸ் ஆஃப் ஹெர் இல்னஸ். குட் ஷி ப்ளீஸ் டேக் இட் அனதர் டே?’

நான்கு வரியில் நான்கு ‘பிகாஸ்’ காதில் இடிக்கிறது என்றால், மூன்றாவதை ‘தி க்ளினிக் வாஸ் ஃபுல், சோ வி கேம் ஹோம் லேட்’ என்று மாற்றுங்கள். மருத்துவர் கொடுத்த எம்சி கையில் இருந்தால் கடிதத்தோடு இணைத்து, ‘ஐ என்க்ளோஸ் ஹெர் மெடிக்கல் சர்ட்டிஃபிகேட்’ என்று ஒரு வரி சேருங்கள். அதற்குமேல் காய்ச்சலைப் பற்றி எதுவும் எழுத வேண்டியதில்லை.